மண்டபத்தின் பின்பக்கம்

சாலவாக்கம்

விடியற்காலையில் எங்கள் ஊரில் முதலில் கேட்கிற சத்தம் இப்போது டிப்பர் லாரியினுடையது. சாலவாக்கத்தைச் சுற்றிலும் கல்குவாரிகள், கிரஷர்கள். சிறு வயதில் ஆடு ஓட்டிக்கொண்டு ஏறிய குன்றுகளில் சில இன்று பள்ளங்களாகிவிட்டன. அந்தக் கல்லெல்லாம் ஜல்லியாகவும் எம்.சாண்டாகவும் சென்னைப் பக்கம் போய்க்கொண்டே இருக்கிறது.

முப்பது ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தேன். வருடம் தவறாமல் பிள்ளைகளை உத்திரமேரூருக்கு அழைத்துப் போவேன். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஒன்று 919ஆம் ஆண்டினது, மற்றது 921ஆம் ஆண்டினது. அங்கே பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, 'க' எங்கே இருக்கிறது, 'த' எங்கே இருக்கிறது என்று தேடச் சொல்வேன். ஓர் எழுத்தைக் கண்டுபிடித்துவிட்டால் அவர்கள் போடுகிற கூச்சலில் பட்டர் வெளியே வந்து பார்ப்பார்.

அந்தப் பழக்கம் இருந்ததால்தான் ஒருநாள் ஒரு புத்தகத்தில் பார்த்த படத்தை விட்டு என் கண் நகரவில்லை. உடைந்த கல் ஒன்று. அதில் தமிழ் எழுத்து வரிகள். கடைசியில் சீன எழுத்தில் ஒரு வரி. கிடைத்த இடம்: சுவான்ஜோ, ஃபூஜியன் மாகாணம், சீனா.

என் அண்ணன் மகன் கிரானைட் வியாபாரத்தில் இருக்கிறான். நம் கருங்கல் பாளங்கள் கப்பலேறிப் போகிற துறைமுகங்களில் ஒன்றான ஷியாமெனில் குடும்பத்தோடு தங்கியிருக்கிறான். அதே ஃபூஜியன் மாகாணம். போனில் படத்தைப் பற்றிச் சொன்னேன். "அத்தை, அந்த ஊரு இங்கேருந்து பக்கந்தான். மாமா போனதுலேருந்து நீங்க வீட்ட விட்டு எங்கயும் போகல. வந்துட்டுப் போங்க" என்றான். கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தபோது கிளம்பினேன்.

ஷியாமென்

இறங்கியபோது மழை. நம் ஊர் மழையைப்போல இடித்துக்கொண்டு வந்து போகிற மழை இல்லை. மெல்லியதாக, விடாமல், நாள் முழுக்கப் பெய்கிற மழை. அங்கே கோடையின் தொடக்கம் இப்படித்தானாம். கத்திரியில் வெந்துபோய் வந்தவளுக்கு அந்த ஈரமே விருந்து.

ஃபூஜியன் தென்கிழக்குக் கடற்கரை மாகாணம். எதிரே நீரிணையைத் தாண்டினால் தைவான். எட்டுப் பங்கு மலை, ஒரு பங்கு தண்ணீர், ஒரு பங்கு வயல் என்று தங்கள் நாட்டைப் பற்றி அவர்களே சொல்லிக்கொள்கிறார்கள். உழ நிலமில்லாதவன் கடலுக்குத்தானே போவான்? சிங்கப்பூரிலும் பினாங்கிலும் நம்மவர்களுக்குப் பக்கத்து வீட்டில் இருக்கிற ஹொக்கியன் சீனர்களின் பாட்டன் முப்பாட்டன் எல்லாம் இந்தக் கரையிலிருந்து போனவர்கள். ஹொக்கியன் என்பதே ஃபூஜியன் என்ற பெயரை இவர்கள் பேச்சில் சொல்கிற விதம்.

முதல் நாள் காலை அண்ணன் மகனின் மனைவி பக்கத்துக் கடைக்கு அழைத்துப் போனாள். கிண்ணத்தில் கஞ்சி வந்தது. அரிசிக் கஞ்சியில் சர்க்கரைவள்ளிக் கிழங்குத் துண்டுகள் வெந்து கரைந்திருந்தன. தொட்டுக்கொள்ள உப்பில் ஊறிய முள்ளங்கி, வறுத்த வேர்க்கடலை. ஒரு வாய் வைத்ததும் எங்கள் வீட்டு வாசல் திண்ணையில் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. கிழங்கு இந்த மாகாணத்துக்கு 1593இல் பிலிப்பைன்ஸிலிருந்து கடல்வழியாக வந்தது. கொண்டுவந்தவர் இங்கிருந்து அங்கே வியாபாரத்துக்குப் போயிருந்த ஒருவர். அடுத்து வந்த பஞ்சத்தில் அந்தக் கொடிதான் பலரைக் காப்பாற்றியது. மாலையில் இன்னொரு கடையில் வேர்க்கடலையைத் தோல் நீக்கி, வாயில் வைத்தால் கரைகிற அளவுக்கு வேகவைத்து, சர்க்கரை சேர்த்துக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தார்கள். கடலையைப் பாயசமாகக் குடிக்கலாம் என்று கடலை விளைகிற எங்கள் ஊரில் யாருக்கும் தோன்றாமல் போனது எனக்கு வியப்பு.

அந்தக் கடைக்காரரிடம் தேநீர் கேட்கும்போது அண்ணன் மகன் "தே" என்றான். நான் திரும்பிப் பார்த்தேன். மாண்டரின் மொழியில் அதற்கு 'சா'. இந்தக் கரையோரப் பேச்சில் 'தே'. தரைவழியாகப் போனவர்கள் 'சா'வைக் கொண்டுபோனார்கள். இந்தக் கரை வியாபாரிகளிடம் வாங்கிக் கப்பலில் ஏற்றிய டச்சுக்காரர்கள் 'தே'யைக் கொண்டுபோனார்கள். நம் தேயிலையிலும் தேநீரிலும், யாழ்ப்பாணத்தார் சொல்கிற தேத்தண்ணியிலும் இருப்பது இந்த ஊர்க்காரன் வாயிலிருந்து புறப்பட்ட அந்த ஓரெழுத்து. கேரளத்துச் சாயா இன்னொரு வழியாக வந்தது. ஒரே இலை, இரண்டு பாதை.

நான்ஜிங் மலைகள்: மண் வீடுகள்

ஷியாமெனிலிருந்து உள்ளே மலைக்குள் போனோம். நான்ஜிங் என்றால் எல்லோரும் பெரிய நகரத்தை நினைப்பார்கள். இது அதே பெயர்போல ஒலிக்கிற மலை வட்டம். வாழைத் தோட்டங்கள், மூங்கில், மலைச்சரிவில் படிப்படியாகத் தேயிலை. ஒரு வளைவில் வண்டியை நிறுத்திக் கீழே பார்க்கச் சொன்னார்கள். பள்ளத்தாக்கில் ஐந்து வீடுகள். நடுவில் சதுரமாக ஒன்று, சுற்றிலும் வட்டமாக மூன்று, நீள்வட்டமாக ஒன்று. 'நாலு கூட்டு, ஒரு சூப்பு' என்று அதற்குச் செல்லப் பெயர். தியன்லுவோகெங் என்பது ஊர்ப் பெயர். இப்படிப்பட்ட 46 வீடுகளைச் சேர்த்து 2008இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

வீடு என்று சொன்னாலும் ஒவ்வொன்றும் ஒரு தெரு. ஒரு மீட்டருக்கும் மேல் தடித்த மண்சுவர் வட்டமாக எழும்பி நிற்கிறது. வெளியே பார்க்கிற சன்னல் மேல் மாடிகளில் மட்டும். பெரிய வாசல் ஒன்று. உள்ளே நுழைந்தால் நடுவில் முற்றம், கிணறு, முன்னோர்களுக்கான கூடம். சுற்றிலும் மூன்று நான்கு மாடி மரக்கட்டுமானம். தரையில் அடுப்படி, அதற்கு மேல் தானியம், அதற்கும் மேல் படுக்கை. ஒரு குடும்பத்துக்கு ஒரு மாடி என்று பங்கு இல்லை. அடுப்படியிலிருந்து கூரைவரை செங்குத்தாக ஒரு கீற்று. அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்தாலும் எல்லாருக்கும் ஒரே வாசல்.

சுவரைப் பூசி இறுக்க என்ன சேர்த்தார்கள் என்று ஒரு மூதாட்டியிடம் கேட்டேன். அண்ணன் மகன் மொழிபெயர்த்தான். சுண்ணாம்பு, ஒட்டும் அரிசிக் கஞ்சி, கருப்புச் சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு. நம் ஊரில் சுண்ணாம்பில் கடுக்காயும் வெல்லமும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து அரைப்போம் என்றேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதன்பின் என்னை விடவில்லை. விரல் கணு அளவு கிண்ணத்தில் தேநீர் ஊற்றி ஊற்றிக் கொடுத்தார். முதல் தண்ணீரைக் கொட்டிவிடுகிறார், இரண்டாவதிலிருந்துதான் குடிக்கச் சொல்கிறார். பால் இல்லை, சர்க்கரை இல்லை. ஏழு எட்டு முறை ஊற்றியும் அதே இலை. எங்கள் பஸ் ஸ்டாண்டு கடையில் ஒரு டீயை இரண்டு நிமிடத்தில் குடித்துவிட்டுப் போவதே வழக்கமான எனக்கு, ஒரு மணி நேரம் ஒரே கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தது புதிது.

பிள்ளைகள் எல்லாம் எங்கே என்று கேட்டேன். ஷியாமெனில், குவாங்சோவில், ஒருவன் கடல் கடந்து. நூறு பேர் இருந்த வீட்டில் இப்போது விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குக் கிழவர்கள். அதை மொழிபெயர்க்க வேண்டிய தேவை இருக்கவில்லை. எங்கள் தெருவும் இப்போது அப்படித்தான்.

சுவான்ஜோ

இந்த ஊருக்காகத்தான் நான் வந்தேன். தமிழ்ப் புத்தகங்களில் குவான்சௌ என்று எழுதியிருப்பார்கள். மார்க்கோ போலோவும் இபன் பதூதாவும் எழுதிய பெயர் ஜைத்தூன். ஒருகாலத்தில் இந்த ஊரைச் சுற்றி நட்டிருந்த 'சித்தொங்' என்ற மரத்தின் பெயர் அராபியர் வாயில் அப்படி ஆனது. சாட்டின் என்று நாம் சொல்கிற துணிக்கும் இந்த ஜைத்தூன்தான் பெயர் கொடுத்தது என்பார்கள்.

சித்தொங் மரத்தைக் காட்டச் சொன்னேன். சாலையோரமாக நின்றது. பூக்காலம் முடிந்திருந்தது. மூன்று மூன்றாகப் பிரிந்த அகன்ற இலை, கிளையில் முள். கல்யாண முருங்கை! நாங்கள் வேலிக்கு நடுகிற, சளிக்கு அடை தட்டுகிற அதே கல்யாண முருங்கை. ஒரு பேரரசின் பெரிய துறைமுகத்துக்கு அந்த மரத்தின் பெயர். கீழே விழுந்து கிடந்த ஓர் இலையை எடுத்து முகர்ந்து பார்த்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

சோங், யுவான் அரசுகளின் காலத்தில் உலகத்துப் பெரிய துறைமுகங்களில் ஒன்று சுவான்ஜோ. 2021இல் இதன் 22 இடங்களை யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். ஆனால் ஊரின் பழைய பகுதியில் நடந்தால் அந்தப் பெருமை எதுவும் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நிற்பதில்லை. சிவப்புச் செங்கல் வீடுகள், தகைவிலான் குருவி வால்போல இரண்டு முனையும் வளைந்த கூரைகள், சைக்கிள் சந்துகள். சில சுவர்களில் செங்கல்லும் கருங்கல்லும் மாறி மாறிக் கலந்திருக்கின்றன. 1604இல் வந்த நிலநடுக்கத்துக்குப் பிறகு இடிபாடுகளில் கிடைத்ததையெல்லாம் சேர்த்துக் கட்டிய முறை என்று சொல்கிறார்கள். உடைந்த கல்லை வீணாக்காத ஊர். இதை நான் மனதில் குறித்துக்கொண்டேன்.

ஒரே தெருவில் சற்று நடந்தால் 1009இல் எழுந்த மசூதி, பக்கத்திலேயே குவான் தி என்ற வீரதெய்வத்தின் கோயில், கன்பூசியஸ் கோயில். மசூதியின் கல்வாசல் வளைவுக்குள் நின்று பார்த்தால் கோயில் ஊதுபத்திப் புகை மிதந்து வருகிறது. நகருக்கு வெளியே ஒரு குன்றடியில் மானி என்ற பாரசீகத் தீர்க்கதரிசியின் உருவம் 1339இல் பாறையில் செதுக்கியது. அந்த மதம் உலகில் எங்கும் இப்போது இல்லை. உருவம் மட்டும் இங்கே பத்திரமாக இருக்கிறது.

கையுவான் கோயில்

686இல் நிறுவிய பௌத்தக் கோயில். இரண்டு பக்கமும் 13ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கல் கோபுரங்கள். கிழக்கே 48 மீட்டர், மேற்கே 44 மீட்டர். 1604 நிலநடுக்கத்தையும் தாங்கி நின்றவை. மாமல்லபுரத்திலிருந்தும் காஞ்சியிலிருந்தும் வருகிற கண்ணுக்குக் கல் கோபுரம் புதிதில்லை. ஆனால் மரத்தில் செய்ய வேண்டிய உத்தரத்தையும் கொடுங்கையையும் கல்லில் செய்து ஐந்து நிலை ஏற்றியிருக்கிற பொறுமை பார்க்கப் பார்க்கத் தீரவில்லை.

இந்த இடம் முன்பு ஒரு செல்வரின் முசுக்கொட்டைத் தோட்டமாக இருந்தது. பட்டுப்புழு வளர்த்தவர். துறவி ஒருவர் நிலம் கேட்டபோது, என் முசுக்கொட்டையில் வெள்ளைத் தாமரை பூத்தால் தருகிறேன் என்றாராம். பூத்தது. ஆயிரத்து முந்நூறு ஆண்டு என்று சொல்கிற பழைய முசுக்கொட்டை மரம் ஒன்று இன்றும் உள்ளே முட்டுக்கொடுத்து நிற்கிறது. பட்டு நெய்கிற மாவட்டத்திலிருந்து வந்த எனக்கு அந்த மரத்தடியை விட்டுப் போக மனமில்லை.

நடு மண்டபத்தின் முன்மேடையில் குனிந்து பார்த்தால் அடிவரிசை முழுக்கச் சிங்கங்கள், மனித முகமும் சிங்க உடலும் கொண்ட உருவங்கள். எழுபதுக்கும் மேற்பட்ட பலகைக் கற்கள். நம் கோயில் அதிட்டானத்தில் யாளி வரிசை ஓடுமே, அந்த இடம், அந்த ஒழுங்கு. என் நெஞ்சு அடித்துக்கொள்ளத் தொடங்கிவிட்டது.

வந்தவர்கள் எல்லோரும் முன்பக்கம் ஊதுபத்தி ஏற்றி, உள்ளே புத்தர்களை வணங்கி, திரும்பிப் போய்விடுகிறார்கள். நாங்கள் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனோம். பின்தாழ்வாரத்தில் இரண்டு தூண்கள். பதினாறு பட்டை. ஒரு வட்டத்துக்குள் நரசிம்மர், மடியில் இரணியன். இன்னொன்றில் இரண்டு மருத மரங்களுக்கு நடுவே கண்ணன். இன்னொன்றில் முதலை யானையின் காலைப் பிடிக்கிறது. இன்னொன்றில் மரத்தின்மேல் சேலைகளோடு கண்ணன். விஷ்ணு கோயில் தூண் ஒன்றில் எப்படி இருக்குமோ அப்படியே, பௌத்தக் கோயிலின் முதுகுப் பக்கம்.

அழுதுவிட்டேன். ஏன் என்று அண்ணன் மகன் கேட்கவில்லை. கொஞ்ச தூரம் தள்ளிப் போய் நின்றான்.

பள்ளி ஆசிரியர் சேர்த்த கற்கள்

யார் வைத்த தூண்கள் இவை? அதற்கு ஒரு தடயம் நான் புத்தகத்தில் பார்த்த அந்தக் கல்வெட்டில் இருக்கிறது. 1956இல் இந்த ஊரில் கிடைத்தது. சக ஆண்டு 1203, சித்திரை மாதம், சித்திரை நட்சத்திரம். நம் கணக்குக்கு 1281 ஏப்ரல். சம்பந்தப் பெருமாள் என்ற தமிழர், செகசைக்கானின் திருமேனி நலத்துக்காக, அவன் பெயரால் வந்த ஆணையின்படி, திருக்கதலீசுவரம் உடையாரை எழுந்தருளச் செய்தார். செகசைக்கான் என்று குறிப்பது குப்லாய் கானை. மங்கோலியப் பேரரசனின் உடல் நலம் வேண்டிச் சீனக் கடற்கரையில் ஒரு தமிழர் சிவனை நிறுவியிருக்கிறார்! அதற்குப் பதினொரு ஆண்டு கழித்து, 1292இல், இதே துறைமுகத்தில் கப்பலேறித்தான் மார்க்கோ போலோ நம் பாண்டிய நாட்டுக் காயலுக்கு வந்து சேர்ந்தார்.

நம் ஊர் வணிகர்கள் மிளகும் துணியும் கொண்டுபோய், பட்டும் பீங்கானும் கொண்டுவந்த காலம். 1974இல் சுவான்ஜோ குடாவின் சேற்றிலிருந்து தோண்டியெடுத்த சோங் காலக் கப்பல் ஒன்றை இதே கையுவான் கோயில் வளாகத்தில் வைத்திருக்கிறார்கள். எஞ்சியிருப்பதே 24 மீட்டர் நீளம். வயிற்றைப் பன்னிரண்டு தடுப்புகளால் பதின்மூன்று அறையாகப் பிரித்திருக்கிறார்கள். ஓர் அறையில் தண்ணீர் புகுந்தாலும் கப்பல் மூழ்காது. உள்ளே வாசனைக் கட்டைகள், குங்கிலியம், மிளகு கிடைத்தன. எழுநூறு ஆண்டு சேற்றில் கிடந்த மிளகு.

யுவான் ஆட்சியின் முடிவில், 1357 முதல் 1366 வரை, இந்த நகரில் பெரும் கலவரம் நடந்தது. சிவன் கோயிலும் அந்தக் காலத்தையொட்டி அழிந்திருக்கும் என்று கருதுகிறார்கள். அதன் கற்கள் நகர மதிலுக்குள்ளும் பாலங்களுக்குள்ளும் வீட்டுச் சுவர்களுக்குள்ளும் போய்விட்டன. அந்த இரண்டு தூண்களும் சிங்கப் பலகைகளும் கையுவான் கோயிலுக்குள் வந்து சேர்ந்தன. நகர மதிலை 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இடித்தபோது அந்தக் கற்கள் வெளியே வந்தன.

இந்த இடத்தில் நான் ஒருவரைச் சொல்லியே ஆக வேண்டும். வூ வென்லியாங். சுவான்ஜோவில் பள்ளி ஆசிரியர். மதிலிலிருந்தும் கல்தச்சர் பட்டறைகளிலிருந்தும் வெளிவந்த பழைய கற்களைத் தேடித் தேடிச் சேர்த்தவர். சிலுவை போட்ட கல், அரபு எழுத்துக் கல், நம் சிவன் கோயில் கல் என எதையும் வேறாகப் பார்க்கவில்லை. 1957இல் அவற்றைப் பற்றி நூல் எழுதினார். கல்தச்சர் கையில் விட்டிருந்தால் அவை படிக்கட்டாகியிருக்கும், அல்லது உடைந்து சாலைக்குள் போயிருக்கும். எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் கல் எப்படிப் போகிறது என்று நான் தினமும் பார்க்கிறேன்.

கடல்சார் அருங்காட்சியகத்தில் நம் கோயில் வகைக் கற்கள் வரிசையாக இருக்கின்றன. இந்த நகரில் இதுவரை முந்நூறுக்கும் மேல் கிடைத்திருக்கின்றன. ஒரு கல்லில் யானை துதிக்கையால் லிங்கத்துக்குப் பூச்சொரிகிறது. இன்னொன்றில் பசு லிங்கத்தின்மேல் பால் பொழிகிறது. கல் இந்த ஊர்க் கல். உளியும் பெரும்பாலும் இந்த ஊர்த் தச்சருடையது என்கிறார்கள் ஆய்வாளர்கள். மேகங்களில் சீனச் சுருள் இருக்கிறது. நம் கதையை அவர்கள் கை எழுதியிருக்கிறது.

நகருக்கு வெளியே செதியன் என்ற சிற்றூரில் நான்கு கையுள்ள ஓர் அம்மன் உண்டு. ஊர்க்காரர்கள் அவளைக் குவான்யின் என்றே கும்பிடுகிறார்கள். குவான்யின் கருணையின் தெய்வம். அந்த அம்மன் சிவன் கோயிலிலிருந்து வந்த தேவியாக இருக்க வேண்டும் என்பது அறிஞர்கள் கருத்து. சின்னக் கோயில்தான். மேசைமீது ஆரஞ்சுப் பழங்கள், ஊதுபத்தி. வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவர் என் நெற்றித் திருநீற்றைப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார். "உங்க ஊருல இவளுக்கு என்ன பேருன்னு கேக்கறாரு அத்தை" என்றான். பார்வதி என்றேன். இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு தட்டிலிருந்து ஒரு பழத்தை எடுத்து என் கையில் வைத்தார். பிரசாதம் என்ற சொல் மட்டும்தான் அங்கே இல்லை.

சுன்பு

சுவான்ஜோவின் கடலோரத்தில் மீனவர் குடியிருப்பு இது. வீட்டுச் சுவர்களில் செங்கல்லுக்குப் பதிலாக ஆளிச் சிப்பியின் ஓடுகள், பெரிது பெரிதாக, மீன் செதிள்போல அடுக்கியிருக்கிறார்கள். பட்டும் பீங்கானும் ஏற்றிப் போன கப்பல்கள் திரும்பும்போது பாரத்துக்காக ஏற்றிவந்த ஓடுகள் என்று சொல்கிறார்கள். பெண்கள் காலையில் ஆளி உடைக்க உட்காருகிறார்கள். கை ஓயாமல் உடைக்கிறது. தலையில் பூ.

தலையில் பூ என்றால் நம்மைப்போல ஒரு முழம் இல்லை. கொண்டையைச் சுற்றி வட்டம் வட்டமாக மல்லிகை, செவ்வந்தி, சண்பகம், நடுவில் எலும்பில் செய்த கொண்டை ஊசி. சின்னப் பெண் முதல் எண்பது வயதுக் கிழவி வரை. சுற்றுலா வருகிற இளம்பெண்கள் காசு கொடுத்துப் பூ வைத்துப் படம் எடுத்துக்கொள்ளக் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். ஆனால் அந்தக் கிழவிகள் யாருக்காகவும் வைத்துக்கொள்ளவில்லை. மீன்கூடையோடு போகிறபோதும் பூ.

ஒரு பாட்டி என்னை அழைத்து முக்காலியில் உட்காரவைத்தார். கையில் பூவளையம். எனக்குத் திடுக்கென்றது. என் கணவர் போய் மூன்று வருடம். அன்றிலிருந்து நான் பூ வைத்ததில்லை. யாரும் எனக்கு வைக்காதே என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையே இல்லாத ஊர் எங்களுடையது. அந்தப் பாட்டியிடம் இதை எப்படிச் சொல்வது? "அத்தைக்கு வீட்டுக்காரர் இல்ல" என்று அண்ணன் மகன் தயங்கிச் சொன்னான். பாட்டிக்கு அந்த வாக்கியம் புரிந்தது, அதற்கும் பூவுக்கும் என்ன தொடர்பு என்பதுதான் புரியவில்லை. தனக்கும் வீட்டுக்காரர் இல்லை என்று சொல்லிக்கொண்டே என் தலையில் பூவைச் செருகிவிட்டார்.

அன்று மாலை வரை நான் அதை எடுக்கவில்லை.

லோயாங் பாலம், ஹுயிஆன்

1053 முதல் 1059 வரை கட்டிய கல்பாலம். ஆறு கடலில் கலக்கிற இடம், ஓதம் ஏறி இறங்குகிற இடம். அடித்தளக் கற்களைப் பிணைக்க ஆளிகளையே வளர்த்தார்கள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஆளி ஒட்டி வளர்ந்து இறுகியது. உயிரையே சாந்தாகப் பூசிய வேலை. மழை விட்ட நேரத்தில் அந்தப் பாலத்தில் நடந்தேன். பாளங்கள் நடுவில் தேய்ந்து பள்ளமாக இருக்கின்றன.

அதற்கப்பால் ஹுயிஆன், கல்தச்சர்களின் வட்டம். மஞ்சள் மூங்கில் தொப்பி, குட்டை நீலச் சட்டை, அகன்ற கருப்புக் கால்சட்டை போட்ட பெண்கள் இந்த ஊரின் அடையாளம். ஆண்கள் கடலுக்குப் போக, கல் தூக்கியது பெண்கள். 1958இல் தொடங்கி ஓர் அணைநீர்த்தேக்கத்தையே பெரும்பாலும் பெண்களே மண் சுமந்து கட்டினார்கள். அதன் பெயரே ஹுயிஆன் பெண்கள் ஏரி. எங்கள் பக்கம் பல்லவர் காலத்து ஏரியில் நூறு நாள் வேலைக்கு மண்வெட்டியோடு போகிற பெண்களின் முகங்கள் எனக்கு நினைவுக்கு வந்தன. எந்த ஏரிக்கும் அவர்கள் பெயர் இல்லை.

பட்டறைகளில் இன்றும் கல் பேசுகிறது. ஓரிடத்தில் அடுக்கியிருந்த கருங்கல் பாளங்களைக் காட்டி, "இது நம்ம தமிழ்நாட்டுக் கல்லு அத்தை" என்றான் அண்ணன் மகன். தொட்டுப் பார்த்தேன்.

ஃபூஜோ

மாகாணத்தின் தலைநகரம். ஆலமர நகரம் என்று பெயர். விழுதுகள் நடைபாதைவரை இறங்கியிருக்கின்றன. இங்கே நான் பார்க்க விரும்பியது ஒன்றுதான், மல்லிகைத் தேநீர். சீன மொழியில் மல்லிகைக்கு 'மொலி'. மல்லிகா என்ற வடசொல்லே அங்கே போய் அப்படி ஆனது. பூவும் நம் பக்கமிருந்து போனது. அரும்பாக மதியத்தில் பறிக்கிறார்கள், நம் பூக்காரர்களைப்போலவே. இரவில் அது மலரும்போது தேயிலையோடு கலந்து வைக்கிறார்கள். வாசனையைத் தேயிலை குடித்துவிடுகிறது. விடிந்ததும் பூவைச் சலித்து எடுத்துவிட்டு, அடுத்த இரவு புதுப்பூ. நல்ல தேயிலைக்கு இப்படிப் பல இரவுகள். கடைசியில் கிண்ணத்தில் ஒரு பூக்கூட இருக்காது, வாசனை மட்டும் இருக்கும்.

வூயி மலை

வடக்கே போய் மூங்கில் தெப்பத்தில் ஒன்பது வளைவு ஓடையில் இறங்கி வந்தோம். சிவந்த பாறைகள், அவற்றின் உயரத்துப் பொந்துகளில் மூவாயிரம் ஆண்டுக்கு முந்திய படகுச் சவப்பெட்டிகள். பாறை இடுக்கில் ஆறு தேயிலைச் செடிகள் தனியே நிற்கின்றன. புகழ்பெற்ற 'பெரிய சிவப்பங்கி'த் தேயிலையின் தாய்ச் செடிகள். 2006 முதல் அவற்றில் இலை பறிப்பதில்லை. அழகான இடம். ஆனால் என் மனம் அந்தப் பின்தாழ்வாரத்திலேயே இருந்தது. அதனால் இதை அதிகம் எழுத என்னிடம் இல்லை.

மீண்டும் சாலவாக்கம்

திரும்பி வந்து நான்காம் நாள், தெருப்பிள்ளைகள் ஐந்து பேரை அழைத்துக்கொண்டு உத்திரமேரூர் போனேன். தலையில் ஒரு முழம் மல்லி வைத்திருந்தேன். பஸ்ஸில் இரண்டு பேர் பார்த்தார்கள். பிள்ளைகள் சுவரில் எழுத்துத் தேடினார்கள். ஒருத்தி 'ப' கண்டுபிடித்துக் கூவினாள்.

எங்கள் மாவட்டத்துக் குன்றுகளில், வயல்வெளிகளில், ஏரிக்கரைகளில் எழுத்துள்ள கல்லோ சிற்பமோ கண்ணில் பட்டால், லாரி வருவதற்கு முன் ஊர்ப் பள்ளி ஆசிரியரிடமோ தொல்லியல் துறையிடமோ சொல்லுங்கள். சுவான்ஜோவுக்குப் போகிற வாய்ப்பு யாருக்காவது கிடைத்தால், கையுவான் கோயிலில் முன்பக்கம் மட்டும் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போங்கள். இரண்டு தூண்கள் நிற்கின்றன.